குண்டத்தில் சுடாத பாதம்

கோவிந்தாபுரத்தைச் சுற்றியுள்ள மாந்தோப்புகளில் செல்வலட்சுமி வருகிறாள் என்றால், காய் தரம் பிரிக்கிற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கூடையைப் பார்ப்பார்கள். ஆள் குள்ளம், உடம்பு கனம். ஆனால் நடை இருக்கிறதே, அதை வெள்ளைக்காரன் பார்த்திருந்தால் இந்தப் பக்கம் ரயிலே விட்டிருக்க மாட்டான். தோப்பின் அந்தக் கோடியில் ஒரு கூடை சரிந்த சத்தம் கேட்டால் போதும், அடுத்த மூச்சில் அங்கே நிற்பாள். வெம்பின காயையும் விளைந்த காயையும் கலந்து போட்டவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது, அப்படி ஒரு வாய். வெயிலுக்கு ஒதுங்க ஒரு கொட்டகை போடாத தோப்புக்காரரையும் அதே வாய்தான் நிற்க வைத்துக் கேட்கும். அதனால் அவளிடம் திட்டு வாங்கின பெண்கள்கூட வேறு கூட்டத்துக்குப் போனதில்லை.

அவள் புருஷன் ஈஸ்வரன் வேறு ரகம். மாநில எல்லைச் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரம் டீக்கடை வைத்திருக்கிறார். கடையில் டீயைவிடப் பேச்சைத்தான் அதிகம் ஆற்றுவார். லாரி டிரைவர்கள், காய் ஏற்ற வருகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் என்று யார் வந்து எந்த நோவைச் சொன்னாலும் அவரிடம் ஒரு கைவைத்தியம் தயாராக இருக்கும். வயிற்றுவலிக்கு ஓமம், பல்வலிக்குக் கிராம்பு, வெட்டுக்காயத்துக்குக் காப்பித்தூள். காப்பித்தூள்மேல் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. கண்ணாடி கிழித்து ரத்தம் சொட்டச் சொட்ட ஓடிவந்த ஒரு லாரி கிளீனரின் கையில் ஒரு பிடி தூளை வைத்து அமுக்கி அவர் ரத்தத்தை நிறுத்தினது அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார்.

ஒரே மகள் ஆர்த்தி. கஞ்சிக்கோட்டில் ஒரு பேக்டரியில் ஷிப்ட் வேலை. அப்பாவின் பேச்சும் அம்மாவின் வேகமும் இல்லாத நிதானமான பெண். அந்த வீட்டில் புத்தியுள்ளது அவள் ஒருத்திதான் என்று ஊர் சொல்லும், பெற்றவர்களும் மறுப்பதில்லை.

ஆர்த்தி கைக்குழந்தையாக இருந்தபோது காமாலை வந்து, பால் குடிப்பதை விட்டுக் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். பிள்ளை பிழைத்தால் வருஷா வருஷம் குண்டம் இறங்குகிறேன் என்று செல்வலட்சுமி மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. அதிலிருந்து ஒவ்வொரு பங்குனியிலும் பூச்சாட்டு நடந்ததும் காப்புக் கட்டி விரதமிருந்து, மஞ்சள் சேலையும் கையில் வேப்பிலையுமாகக் கனன்று கிடக்கும் தணலில் நடந்து அந்தப் பக்கம் ஏறுவாள். முதல் வருஷங்களில் சுடத்தான் செய்தது. கேட்டவர்களிடம் சுட்டது என்றுதான் சொன்னாள், அவளுக்கு ஒளிக்கத் தெரியாது. பிறகு ஒரு வருஷம் சூடு லேசாகத்தான் தெரிந்தது. அதற்கடுத்த வருஷம் ஒன்றுமே தெரியவில்லை. ஈரப்புல்லில் நடந்த மாதிரி இருந்தது என்று வந்து சொன்னாள்.

ஊர் சும்மா இருக்குமா? அம்மன் தன் உள்ளங்கையை அவள் காலுக்கடியில் கொடுத்துத் தாங்குகிறாள் என்றார்கள். குண்டம் ஏறி வந்ததும் பெண்கள் அவள் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். காய்ச்சல் பிள்ளைகளைத் தூக்கி வந்து அவள் காலடி மண்ணை எடுத்துப் பூசினார்கள். திட்டுகிறவள் என்றும் ஓடுகிறவள் என்றும் பெயர் வாங்கின செல்வலட்சுமிக்கு இது புதுசு. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் அவள் மெதுவாக நடப்பாள். அந்தப் பெருமையை அவள் எவ்வளவு ஆசையாய் வைத்திருந்தாள் என்பது ஆர்த்திக்குத் தெரியும்.

செல்வலட்சுமிக்குச் சுகர் இருந்தது. மாத்திரை தீர்ந்தால் அடுத்த சந்தைநாள் வரை வாங்க மாட்டாள். முன்பெல்லாம் படுத்தால் உள்ளங்கால் எரியும், ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். அதுவும் தானாக நின்றுபோனது. எரிச்சல் போனதால் சுகர் குறைந்துவிட்டது என்று அவள் முடிவுகட்டிக்கொண்டாள். ஈஸ்வரன் தன் வெந்தயத் தண்ணீர்தான் காரணம் என்று கடையில் உட்கார்ந்து நாலு பேருக்குச் சொன்னார். எரிச்சல் நின்றதும் சூடு தெரியாமல் போனதும் ஒரே விஷயம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

போன வருஷக் குண்டம் முடிந்தபோது மாங்காய்க் காலம். வலது உள்ளங்காலில் ஒரு புண் வந்தது. காம்பு ஒடித்த காயிலிருந்து வடிகிற பால் பட்டால் தோல் வெந்துபோகும், தோப்பில் வேலை செய்கிறவர்களுக்கு அது சகஜம். மாங்காய்ப் பால் பட்டிருக்கும் என்று தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு அதே காலோடு அதே வேகத்தில் நடந்தாள். வலித்தால்தானே உட்காருவதற்கு! ஒரு நாள் வாசலில் கிடந்த அம்மாவின் செருப்பை ஆர்த்தி ஓரமாக நகர்த்தப் போனாள். அது ஈரமாக இருந்தது, நாற்றம் அடித்தது. அந்தப் பெண் உடனே ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவின டாக்டர் உள்ளேயிருந்து இடுக்கியால் ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டார். கரித்துண்டு. குண்டத்துக் கரி. அதைப் பாதத்துக்குள் வைத்துக்கொண்டுதான் அத்தனை நாளும் தோப்பு முழுக்க நடந்திருக்கிறாள். சுகர் கால் நரம்பைச் சாகடித்துவிட்டது, அதனால்தான் சுட்டது தெரியவில்லை என்று டாக்டர் விளக்கினார். செல்வலட்சுமி தட்டில் கிடந்த கரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அம்மன் கையைக் குடுக்கலீங்களா?" என்று கேட்டாள்.

ஆர்த்தி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கால் போனாலும் போகட்டும், ஊரெல்லாம் கண்ணில் ஒற்றின பாதம் வெறும் செத்த பாதமா என்ற நினைப்புத்தான் அன்றைக்குச் செல்வலட்சுமியை அழ வைத்தது.

கால் போய்விடும் என்பதும் சீக்கிரமே உறைத்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள், அது கறுத்து உதிர்ந்தது. கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே செபாஸ்டின் என்ற சர்ஜன் பார்த்தார். கேரளத்துப் பாலா ஊர்க்காரர், தமிழையும் மலையாளத்தையும் கலந்து பேசுவார், சிரித்த முகம். சிரிக்காமல் சொன்னார்: காலுக்கு வருகிற பெரிய ரத்தக்குழாய் நன்றாக ஓடுகிறது, ஆனால் பாதத்துக்குள் பிரிகிற சின்னக் குழாய்கள் அடைந்துபோய்விட்டன. மேலே என்ன தோலை ஒட்டினாலும் அதற்குக் கீழேயிருந்து சோறு போட ஆள் இல்லை. கணுக்காலுக்கு மேலே எடுத்துவிடுவதுதான் வழக்கம்.

ஒற்றைக்காலில் செல்வலட்சுமியை நினைத்துப் பார்க்க ஈஸ்வரனால் முடியவில்லை. நடக்காத செல்வலட்சுமி என்ன செல்வலட்சுமி?

அந்தச் சமயத்தில்தான் ஷஹ்லா வந்தாள். கொல்லங்கோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. புண்ணுக்கு வைக்கிற சதையை, ரத்தக்குழாயோடு சேர்த்தே ஜெல்லுக்குள் வளர்த்துப் பார்க்கிற கூட்டத்தில் அவள் ஒருத்தி. செபாஸ்டின் டாக்டரும் அவர்களும் சேர்ந்து சில நோயாளிகளுக்கு மட்டும் அதைச் சோதித்துப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தார்கள். வைத்துப் பார்க்கலாம், ஒட்டாமலும் போகலாம், இரண்டுக்கும் சம்மதமா என்று கேட்டாள். மறைக்காமல் கேட்டதால் ஆர்த்திக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அவள் விளக்கின விதம் இதுதான். செல்வலட்சுமியின் வயிற்றிலிருந்து கொஞ்சம் கொழுப்பு எடுப்பார்கள். அதற்குள் மயிரிழையைவிடச் சன்னமான ரத்தக்குழாய்த் துண்டுகள் நிறைய இருக்கும். காயம் பட்டால் ரத்தத்தை உறைய வைக்கிற சத்து ஒன்று நம் ரத்தத்திலேயே உண்டு. அவள் ரத்தத்திலிருந்து அதைப் பிரித்து ஜெல்லாக்கி, அந்தத் துண்டுகளை அதற்குள் விதைத்து, உடம்புச் சூட்டில் ஒரு பெட்டிக்குள் வைப்பார்கள். நாளாக ஆகத் துண்டுகள் ஒன்றையொன்று தேடிப் போய் ஒட்டி, கிளை விட்டு, வலையாகப் பின்னிக்கொள்ளும். அதை அப்படியே புண்மேல் வைத்தால், அந்த வலை உடம்பிலுள்ள குழாய்களோடு சேர்ந்து ரத்தம் ஓட ஆரம்பிக்க வேண்டும். "ஆரம்பிக்கும்" என்று சொல்லாமல் "ஆரம்பிக்க வேண்டும்" என்று சொன்னதை ஆர்த்தி கவனித்தாள்.

செல்வலட்சுமிக்கு அதில் ஒன்றுதான் பிடித்திருந்தது. இத்தனை வருஷமும் கொழுப்பெடுத்தவள் என்று பேசின தோப்புக்காரர்கள் முகத்தில் இனி தைரியமாக முழிக்கலாம் என்றாள். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவள் சொன்ன முதல் வேடிக்கை அது. ஷஹ்லா விழுந்து விழுந்து சிரித்தாள்.

முதல் தடவை வளர்த்தது வீணாய்ப் போயிற்று. அதைச் சொல்ல ஷஹ்லா போன் செய்யவில்லை, நேரில் வந்தாள். ஜெல்லைக் கொஞ்சம் தடிமனாக ஊற்றிவிட்டார்கள், ஓரத்தில் இருந்ததெல்லாம் பிழைத்தது, நடுவில் இருந்ததற்குச் சத்துப் போய்ச் சேரும் முன்னே செத்துவிட்டது என்றாள். மாந்தோப்பில் சொட்டுநீர்க் குழாய் எட்டாத மரம் காய்கிறதே, அது மாதிரிதானா என்று செல்வலட்சுமி கேட்டாள். அதே மாதிரிதான் என்றாள் ஷஹ்லா. அந்த நேரம் புண் இன்னும் ஆழமாகியிருந்தது. இன்னொரு தடவை கொழுப்பு எடுக்கலாம், மெல்லிசு மெல்லிசாக ஊற்றி, ஒவ்வொன்றிலும் வலை பின்னின பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். அதுவும் சரிப்படாவிட்டால் அதற்குமேல் காத்திருக்கப் புண் விடாது, காலை எடுத்துவிடுவேன் என்று செபாஸ்டின் டாக்டர் சொல்லிவிட்டார். செல்வலட்சுமி சேலையை விலக்கி வயிற்றைக் காட்டினாள்.

இரண்டாவது தடவை ஷஹ்லா தன் கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து கட்டிலில் வைத்துப் படம் காட்டினாள். கறுப்புத் திரையில் பச்சைப் பச்சையாய் நூல் ஓடியிருந்தது. ஒரு நூல் இரண்டாகப் பிரிந்து, அது நாலாகப் பிரிந்து, எங்கேயோ போய் இன்னொன்றோடு சேர்ந்துகொண்டது.

"இது முச்சூடும் என்றதுங்களா?" என்று செல்வலட்சுமி கேட்டாள்.

"உங்களோடதுதாம்மா. வேற யாரோடதும் ஒரு துளி கலக்கலை."

அந்தப் படத்தை ஈஸ்வரன் போனில் ஏற்றி வாங்கிக்கொண்டு போய்க் கடைக்கு வந்த ஒருத்தரையும் விடாமல் காட்டினார். பொண்டாட்டியின் ரத்தக்குழாயைச் செக்போஸ்ட் போலீஸ்காரருக்கு வரை காட்டின மனிதர் உலகத்திலேயே அவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

புண்மேல் வைத்த அன்றைக்கு அவள் விழித்துத்தான் இருந்தாள். ஒரு தட்டில் கொண்டுவந்த அந்தத் துண்டைத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். இளசான நுங்கின் சதை போலத் தளதளவென்று, ஒளி ஊடுருவுகிற மாதிரி இருந்தது. இதையா இத்தனை நாள் கும்பிட்டுக்கொண்டு கிடந்தோம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. மேலே ஒரு சல்லடைத் துணி போல மெல்லிய விரிப்பு, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் கட்டு. கொஞ்ச நாள் வார்டில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். காலைத் தரையில் வைக்கக் கூடாது, கட்டைப் பிரிக்கவே கூடாது, ரத்தம் தெரிந்தால் உடனே போன் செய்ய வேண்டும். இதையெல்லாம் ஆர்த்தியிடம்தான் சொன்னார்கள். அந்த வீட்டில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்கும் தெரிந்துவிட்டது.

அவளும் அப்பாவிடம் திருப்பித் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போனாள். ஒரு நாள் காலையில் ஈஸ்வரன் கடையிலிருந்து டீ கொண்டுவந்து கொடுத்தார். செல்வலட்சுமி கட்டிலில் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். கட்டின் ஓரத்தில் சிவப்பாய் ஒன்று தெரிந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அகலமானது.

போன் செய்ய வேண்டும் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது என்றுதான் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். ஆனால் கை முந்திக்கொண்டது. கடைக்கு ஓடினார், டப்பாவோடு திரும்பி வந்தார், கட்டைப் பிரித்தார், பஞ்சை எடுத்தார், ஒரு பிடி காப்பித்தூளை அள்ளிப் புண்மேல் வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டினார். ரத்தம் நின்றது. "நின்னுபோச்சு பாரு புள்ள" என்று நெற்றி வியர்வையைத் துடைத்தார். அப்புறம்தான் ஆர்த்திக்குப் போன் போட்டார். காப்பித்தூளா என்று மட்டும் அவள் கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும்தான் தான் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது.

பக்கத்து வீட்டுத் தனபாலின் காரில் பொள்ளாச்சி வழியாகக் கோயமுத்தூருக்குப் போனார்கள். ஆர்த்தி கஞ்சிக்கோட்டிலிருந்து நேரே அங்கே வருவதாகச் சொல்லியிருந்தாள். செல்வலட்சுமி ஈஸ்வரனை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் காலை அவர் மடியில்தான் வைத்திருந்தாள். கார் முழுக்கக் காப்பி வாசனை. பாலத்தடியில் வண்டி தூக்கிப்போட்டபோது அவர் இரண்டு கையாலும் காலைத் தாங்கிக்கொண்டார்.

"நீ ரெண்டு வார்த்தை திட்டீரு புள்ள" என்றார். "இப்படிச் சும்மா வராதே."

"கால் இருந்தா வந்து திட்டறனுங்க" என்றாள் அவள்.

கிணத்துக்கடவு தாண்டுகிற வரை அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அவளுக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. பயத்தில் செய்தார், அவ்வளவுதான். தானும்தான் அத்தனை வருஷம் செத்த பாதத்தை அம்மன் தொட்ட பாதம் என்று நம்பிக்கொண்டு திரிந்தோம் என்று நினைத்துக்கொண்டாள். அவர் தலையில் கையை வைத்தாள், வைத்தபடியே வந்தாள்.

ஆர்த்தியோடு ஷஹ்லாவும் ஓடி வந்திருந்தாள். கட்டு மாற்றுகிற அறையில் பின்சி என்ற நர்ஸ் துண்டைப் பிரித்தாள். உள்ளே கருங்காப்பி நிறத்தில் சேறு. செபாஸ்டின் டாக்டர் உப்புத்தண்ணீரை ஊற்றிக் கழுவக் கழுவ, தட்டில் டிக்காஷன் மாதிரி இறங்கியது. யாரும் சிரிக்கவில்லை. ஷஹ்லா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். நல்லவேளை, ஈஸ்வரன் பஞ்சை எடுத்தாரே தவிர, ஜெல்லோடு ஒட்டியிருந்த அந்தச் சல்லடை விரிப்பை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதது பெரிய புண்ணியம். தூளில் பாதிக்குமேல் அதிலேயே தங்கியிருந்தது. டாக்டர் அதை மெல்ல உரித்தார்.

அடியில் இருந்த ஜெல் துண்டு நுங்கு மாதிரி இல்லை. அங்கங்கே காப்பிக்கறை. கறை இல்லாத இடம் தளதளப்பெல்லாம் போய்ச் சதை மாதிரி மங்கிக் கிடந்தது. செத்துவிட்டதா உயிரோடு இருக்கிறதா என்று செல்வலட்சுமிக்குத் தெரியவில்லை, டாக்டர் முகத்தையே பார்த்தாள். அவர் விரலால் ஓரிடத்தில் அமுக்கி எடுத்தார். அந்த இடம் வெளுத்தது. வெளுத்தது மெல்லச் சிவந்தது. அவர் ஊசியை எடுத்தார்.

ஊசி குத்தினது அவளுக்குத் தெரியவில்லை. அது தெரியாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள், இந்தச் சதையோடு நரம்பு வராது. அதனால் கண்ணால்தான் பார்க்க வேண்டும். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். முதலில் ஒன்றும் வரவில்லை. ஆர்த்தி அம்மாவின் கையை நெரித்தாள். பிறகு அந்த இடத்தில், துண்டுக்கு நட்டநடுவில், சிவப்பாய் ஒரு புள்ளி தோன்றி உருண்டு திரண்டு நின்றது. குங்குமப் பொட்டு அளவுகூட இருக்காது.

"சேச்சி, பேடிக்க வேண்டாம், பயப்படாதீங்க" என்றார் செபாஸ்டின் டாக்டர். அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "இது உங்க ரத்தம். உள்ளேயிருந்து வருது."

அல்ஹம்துலில்லாஹ் என்று ஷஹ்லா சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது, கையுறை போட்ட கையால் துடைக்க முடியாமல் தோளில் துடைத்தாள். பெட்டிக்குள் வளர்ந்த குழாய்கள் உடம்போடு சேர்ந்துவிட்டன, ஓரத்தில் ஒரு சின்னக் குழாய் கசிந்ததுதான் வீட்டில் கண்ட ரத்தம் என்று அவள் சொன்னாள். எந்த ரத்தத்துக்காக அவர்கள் எல்லாரும் காத்திருந்தார்களோ அதைத்தான் ஈஸ்வரன் ஒரு பிடி தூள் போட்டு அமுக்கியிருக்கிறார்.

அப்பாடா என்று செல்வலட்சுமிக்கு ஒரு மூச்சு வந்தது. எத்தனை மாதமாகவோ அந்த மூச்சு உள்ளேயே கிடந்திருக்கிறது. சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்து வந்தது. பிறகு தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். கால் இருந்தால் திட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள் அல்லவா, அதைக் காப்பாற்றினாள். தோப்பில் கேட்கிற அந்தக் குரல் வார்டு தாண்டிக் கேட்டது. இவ்வளவு சந்தோஷமாய்த் திட்டு வாங்கின மனிதரை பின்சி அன்றைக்குத்தான் பார்த்தாள். கிருமி ஏறாமலிருக்க மருந்து ஏற்றி மறுபடி வார்டில் போட்டார்கள். படுக்கைக்கு மேலே, காப்பித்தூள் கொண்டுவரக் கூடாது என்று யாரோ குறும்புக்கு எழுதி ஒட்டினார்கள். ஈஸ்வரன் அதையும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

புண் மூட வெகுநாள் ஆயிற்று. ஓரத்திலிருந்து தோல் வளர்ந்து வந்து மூடியது. உள்ளங்காலில் ஒரு கையகலம் வேறு நிறத்தில் இருக்கிறது, காப்பி நிறம் என்று ஆர்த்தி கேலி செய்கிறாள். உணர்ச்சி வரவில்லை, வராது. தினமும் கண்ணாடியைக் கீழே வைத்துப் பாதத்தைப் பார்க்க வேண்டும், ஒரு நிமிடம்கூட வெறுங்காலில் நிற்கக் கூடாது, சுகர் மாத்திரையை ஆர்த்தியின் கண்முன்னால் விழுங்க வேண்டும். தோப்புக்குத் திரும்பிவிட்டாள். மெத்தென்ற தனிச் செருப்புப் போட்டுக்கொண்டு பாதி வேகத்தில் நடக்கிறாள், பாதி வேகமே மற்றவர்களுக்கு ஓட்டம்.

இந்தப் பங்குனியில் குண்டம் வந்தது. வீட்டுக்குள்ளேயே இருந்துவிடலாமா என்று நினைத்தாள். அம்மன் சோதித்து, அவளே காப்பாற்றினாள் என்று ஊர் வேறு கதை கட்டியிருந்தது. அவள் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. கடைசியில் போனாள். செருப்போடு கோயில் எல்லைக்குள் போகக் கூடாது என்று வெளியே புளியமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். ஈஸ்வரன் பக்கத்தில் நின்றார். அங்கிருந்தே கையெடுத்துக் கும்பிட்டாள். சாம்பல் வாசனையும் மேளச் சத்தமும் வந்தபோது பாதம் ஒன்றும் சொல்லவில்லை, நெஞ்சுதான் தவித்தது.

குண்டம் ஏறினவர்கள் அந்த வழியாகத்தான் வெளியே வந்தார்கள். அவர்களில் வேலுத்தாயும் இருந்தாள். இடுக்கியில் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவள், செல்வலட்சுமியின் கூட்டத்தில் காய் பிரிக்கிறவள், முதல் தடவையாகக் குண்டம் இறங்கியிருந்தாள். முகமெல்லாம் மஞ்சளும் பூரிப்புமாக வந்து செல்வலட்சுமியின் கையைப் பிடித்தாள்.

"ஒண்ணுமே தெரியலக்கா. உங்களுக்கு மாதிரியே."

கூட வந்த பெண்கள் குலவையிட்டார்கள். ஒருத்தி அதற்குள் குனிந்து வேலுத்தாயின் பாதத்தைத் தொடப் போனாள். செல்வலட்சுமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்து, வேலுத்தாயைத் தோளைப் பிடித்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, தான் தரையில் உட்கார்ந்து, அவள் காலை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். சேலைத் தலைப்பால் சாம்பலைத் துடைத்தாள். உள்ளங்காலை ஓரம் ஓரமாகப் பார்த்தாள். பிறகு நகத்தால் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"அய்யோ அம்மா!" என்று வேலுத்தாய் காலை உதறிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

செல்வலட்சுமி அவள் காலை விடவில்லை. "நெசமாச் சொல்லு கண்ணு. குண்டத்துல சுட்டுச்சா, இல்லியா?"

வேலுத்தாய் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். "சுட்டுச்சுக்கா" என்றாள் மெதுவாக. "உசுரே போயிருச்சு. சுட்டுச்சுன்னு சொன்னா கேவலமாப் பேசுவாகளோன்னு..."

செல்வலட்சுமி அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் தூக்கித் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஈஸ்வரனுக்கு விளங்கியது, வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்தார்.

"சுட்டுச்சா? நல்லாச் சுடட்டும் சாமி" என்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "எனக்குச் சுடாமப் போனதுலதான் கண்ணு கால் போகப் பாத்துச்சு."